கால் நீட்டி உட்கார்ந்த மாதா

அந்த வருடம் ஐப்பசி மழையில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையின் கூரை ஒரு பக்கம் சரிந்து, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருந்த மரப்பெட்டியின் மேல் விழுந்தது. எழுபதுகளின் கடைசி அது. மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் நான் கைவேலை டீச்சராக இருந்தேன். உடைந்ததை ஒட்டுவதும் கிழிந்ததைத் தைப்பதும் கைவேலை டீச்சரின் பொறுப்பு என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அதனால் பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலையும் என்னிடமே வந்தது.

வைக்கோலை விலக்கினேன். மாதாவுக்குத் தலை இல்லை. அவர் கணவர் சூசையப்பர் மூன்று துண்டாகக் கிடந்தார். இடையர்களும் ராஜாக்களும் ஈரத்தில் ஊறிப் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரச் சகோதரிகள் காலத்தில் கப்பலில் வந்த பிளாஸ்டர் பொம்மைகள் அவை. உள்ளங்கை நீளமே இருந்த பாலன் மட்டும், மூலையில் ஒரு பஞ்சுப் பொதிக்குள், மூக்கு நுனிகூட உடையாமல் படுத்திருந்தார்.

தலைமை ஆசிரியையை நாங்கள் மதர் என்றுதான் அழைப்போம். நெடுநெடுவென்று உயரம், குரலை உயர்த்தாமலே வகுப்பை அடக்குகிறவர். அன்று மாலை ஆசிரியைகள் கூட்டத்தில் அவர் சொன்னார்: "இந்த வருஷம் பொம்மை வேண்டாம். பெரிய படமாக ஒன்று மாட்டிவிடலாம். பாலனை மட்டும் முன்னால் வைத்தால் போதும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். ஆனால் அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"மதர், விளாச்சேரியில சொல்லி நான் செஞ்சு வாங்கிட்டு வர்றேன்."

பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் சிரித்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பரீட்சை நெருங்கினால் என் பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர். கேட்பது என்பதுகூட மரியாதைக்குச் சொல்கிறேன். "கொலு பொம்மை செய்யிறவங்க அவங்க. மாதா கேட்டா மீனாட்சியச் செஞ்சு குடுப்பாங்க. கையில கிளியோட வரும் பாருங்க" என்றார்.

கூட்டம் முழுவதும் சிரித்தது. மதர்கூட உதட்டை மடித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்புதான் என்னைப் பிடித்துத் தள்ளியது என்று சொன்னால் பொய்யில்லை. பள்ளியில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு லேஸ் பின்னவும் குறுக்குத்தையல் போடவும் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் எந்த நாட்டுப் பூ என்றே தெரியாத பூக்கள். வாசலை விட்டு இறங்கி எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு கைத்தொழில் தெரு வரும் ஊர் இது. அதில் ஒன்றுகூட என் பாடத்திட்டத்தில் இல்லை. அது எனக்கே அன்றுதான் உறைத்தது.

"கிளி வந்தா நான் பொறுப்பு, டீச்சர்" என்றேன். அப்புறம் மதரைப் பார்த்து, "கிறிஸ்துமஸ் விழாவுக்கு முந்தின நாள் ஹாலில் பொம்மை இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். 

சனிக்கிழமை திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறி, பசுமலையில் இறங்கி, விளாச்சேரிக்கு நடந்தேன். தெருவே ஈரமண் வாசனையாக இருந்தது. எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் அகல்விளக்குகள். கார்த்திகைக்கு இன்னும் பத்து நாள். முதல் வீட்டில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் வீட்டுப் பெரியவர், "விளக்கு முடியட்டும்மா. அதோட, கிறிஸ்தவங்க பொம்மைக்கு எங்ககிட்ட அச்சு கெடையாது" என்று கையை விரித்தார்.

மூன்றாவது வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பதைத் தொடாத வயது. முழங்கை வரை மண். சக்கரத்தைச் சுற்றுகிறவர் அவள் புருஷன். மண் எடுத்து வருவதும் சூளை வைப்பதும் அவர் பாடு. பொம்மைக்கு முகம் வைப்பதும் கண் திறப்பதும் அவள். நான் நீட்டிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை மண் படாமல் இரண்டு விரல் நுனியால் பிடித்துப் பார்த்தாள். நீல அங்கி போட்ட மாதா முழந்தாளிட்டுக் கைகூப்பியிருக்க, வைக்கோலில் குழந்தை கிடக்கும் படம்.

"இந்தம்மா யாரு? பக்கத்து வீட்டுக்காரவுகளா, புள்ளயப் பாக்க வந்திருக்காகளா?"

"இல்ல, இவங்கதான் பெத்தவங்க."

"எப்பப் பெத்தாக?"

"அன்னைக்குத்தான். அந்த ராத்திரியே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "புள்ள பெத்த உடனே முட்டி போட்டு நிக்கிறாகளா? நான் ரெண்டு பெத்தவ, டீச்சரம்மா. எந்திரிச்சா இடுப்பு நிக்காது. நீங்க?"

"ஒரு பொண்ணு. மூணு வயசாகுது."

"நீங்க நின்னீகளா?"

 என் மகள் பிறந்த அன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து, கால் இரண்டையும் நீட்டி, யாரோ கொடுத்த காப்பியைக் கையில் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. சிறு பிள்ளையிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

"முழுக் கதையும் சொல்லுங்க. கத தெரியாம மண்ணு புடிக்க மாட்டேன்" என்றாள்.

ஒரு மரப்பலகையைத் தள்ளிப் போட்டாள். உட்கார்ந்து சொன்னேன். ராஜா குடிக்கணக்கு எடுக்கச் சொன்னது, நிறைசூலியைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் நடந்தது, சத்திரத்தில் இடம் இல்லையென்றது, மாட்டுக்கொட்டகை. விளக்கைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டே கேட்டாள். நடுநடுவே குறுக்குக் கேள்வி.

"புருசன் என்ன தொழிலு?"

"தச்சு வேல."

"அப்ப நம்மள மாதிரி கைவேலக்காரவுக" என்றாள். அட்டையை மறுபடி பார்த்தாள். "இதுல கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாகளே. கைவேல பாக்குறவுக சும்மா நிப்பாகளா? பொண்டாட்டி பெத்துக் கெடக்கா. வெந்நி வச்சுக் கொண்டாரட்டும்."

கைவேலக்காரவுக என்று அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஆசிரியைகள் அறையில் அந்தச் சொல்லை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"படத்தப் பாத்துச் செய்யச் சொன்னா வேற ஆளப் பாருங்க. கதைக்குச் செய்யச் சொன்னா செய்யிறேன். கார்த்திக முடிஞ்ச மறுநாளு வாங்க."

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். மதரின் முகம் வந்தது, கணக்கு டீச்சரின் சிரிப்பு வந்தது. "கதைக்கே செய்யுங்க" என்றேன். கூலி பேசி முடித்துக்கொண்டு எழுந்தேன்.

குடிலுக்குப் பொம்மை மட்டும் போதாதே, பின்னால் வானம் வேண்டும். வழக்கமாக நீலக் காகிதத்தில் ஜிகினா நட்சத்திரம் ஒட்டுவோம். நாங்கள் தெற்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். அந்த வீட்டு அக்கா சுங்குடிச் சேலைக்குக் கட்டுக் கட்டுகிறவர். வெள்ளைத் துணியை மடியில் போட்டு, நகத்தால் ஒரு பொட்டளவு கிள்ளி எடுத்து, நூலை நாலு சுற்றுச் சுற்றி இழுப்பார். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பிள்ளையை அதட்டிக்கொண்டே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் முடிச்சு விழும். சாயத்தில் முக்கி எடுத்துக் காய்ந்தபின் நூலைப் பிரித்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளி. தினமும் பார்த்ததுதான். அந்த வாரம்தான் அது வானமாகத் தெரிந்தது.

"அக்கா, கருநீலத்துல ஒரு துணி கட்டித் தருவீங்களா? நட்சத்திரம் மாதிரி அங்கங்க புள்ளி."

"தாராளமா. எத்தன கட்டத்துக்கு ஒண்ணு?"

"கட்டம் வேண்டாம்க்கா. வானத்துல இருக்க மாதிரி இஷ்டத்துக்கு."

அவர் நூலை நிறுத்திவிட்டார். "கட்டம் போட்டு, கோடு பாத்துத்தான் டீச்சர் கட்டுவோம். இஷ்டத்துக்குக் கட்டினா அது சுங்குடி இல்ல, அம்மை."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன். மூன்றாம் நாள் மொட்டைமாடிக்கு வடகம் எடுக்கப் போனவரைப் பிடித்து, சாயங்கால வானத்தில் முதலில் வந்த நாலைந்து நட்சத்திரங்களைக் காட்டி, "இதுல கட்டம் எங்கக்கா இருக்கு?" என்றேன். அவர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "நீயும் உக்காந்து கட்டணும். தப்பா வந்துச்சுன்னா டீச்சர் கட்டினதுன்னு சொல்லிக்கிறேன்" என்றார். அன்றுதான் அவர் என்னை முதல்முதலாக 'நீ' என்றது.

சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். லேஸ் பின்னுகிற கைக்கு இது சுலபம் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் என் முடிச்சுகள் எல்லாம் சாயத்துக்குப் போகும் முன்பே அவிழ்ந்தன. நூல் அறுத்துச் சுண்டுவிரல் மடிப்பில் கோடு விழுந்தது. ஒரு வாரத்தில் கை பழகியது. அந்த அக்காவுக்குத்தான் கஷ்டம். அவர் கை தானாகக் கோட்டுக்குப் போய்விடும். நாலு முடிச்சு வரிசையாக விழுந்ததும் "ச்சே" என்று ஒன்றை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுவார். ஒழுங்கில்லாமல் கட்டுவதற்கு அவர் பட்ட பாடு, நான் ஒழுங்காகக் கட்டப் பட்ட பாட்டைவிடப் பெரிது.

கார்த்திகைக்கு மறுநாள் பள்ளி விட்டதும் விளாச்சேரி போனேன். சொன்னபடி மண் பிசைந்து வைத்திருந்தாள். ஒரு வாரத்தில் ஆறு உருவம் நின்றது. மாதா, சூசையப்பர், ஒரு இடையர், ஒரு பசு, ஒரு கழுதை, ஓர் ஆட்டுக்குட்டி. ராஜாக்களுக்கு நாள் போதாது என்று விட்டுவிட்டோம். மாதா ஒன்றரைச் சாண் உயரம். மாட்டுத் தொட்டியில் சாய்ந்து கால் நீட்டி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை மடியில் குழந்தைக்கு இடம் விட்டு வளைத்திருந்தாள். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஈரமண்ணாக இருந்தபோதே அந்த முகத்தில் அசதி தெரிந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சூரியனே இல்லை. நாள் போகிறதே என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அவள் புருஷன் மண்ணைத் தட்டிப் பார்த்து, "உள் ஈரம் இருக்கு" என்றார். "ஒரு பகல் வெயிலு அடிச்சிருக்கே, வச்சிருவோம்ண்ணே" என்று நான் கெஞ்ச, அரைமனதாகச் சூளையில் அடுக்கினார். மறுநாள் போனபோது சூளையைப் பிரித்து வாசலில் பரப்பியிருந்தார்கள். கழுதையும் ஆட்டுக்குட்டியும் மட்டும் தேறின. மாதா இடுப்போடு பிளந்திருந்தாள். சூசையப்பரின் மார்பு வெடித்துச் சில்லுச் சில்லாகச் சிதறியிருந்தது.

"என் தப்பு" என்றேன். அழுகையை அடக்கத் தெரியவில்லை.

அவள் உடைந்த மாதாவின் முகத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க தப்புதான்" என்றாள் தயங்காமல். "என் தப்பும் இருக்கு. வயித்துக்கிட்ட மண்ணு தடியா விட்டுட்டேன். இன்னும் குடைஞ்சிருக்கணும்."

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு. முடியாதுன்னா சொல்லிருங்க. நான் போய்ப் படத்தையே மாட்டச் சொல்லிர்றேன்."

"முடியாதுன்னு நான் சொன்னேனா?" முகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மண்குவியல் பக்கம் போனாள். "ஒடஞ்சத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா வேல ஆகுமா? நாளைக்கு வரும்போது வெறகு கொண்டாங்க. காஞ்ச வெறகு."

இரண்டே நாளில் நான்கு உருவங்களையும் மறுபடி எழுப்பினாள். இந்தத் தடவை முதுகுப் பக்கமாக அறுத்து, தேய்ந்துபோன கரண்டி ஒன்றால் உள்ளே குடைந்து குடைந்து, ஓடு மாதிரி மெல்லிசாக்கி மறுபடி மூடினாள். அடுப்புக்கு மேலே பரணில் பலகை போட்டு அவற்றை வைத்தோம். சமையல் முடிந்தபிறகும் அடுப்பு அணையாமல் சின்னத் தீயாக எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் வெயில். பகலில் அவள் பார்த்துக்கொண்டாள். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் நான் பையில் நோட்டுகளும் கையில் விறகுக்கட்டுமாக பஸ் ஏறிப் போய், இருட்டும் வரை அடுப்படியில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தண்ணீர் எடுக்கவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் முடிந்தது. ஐந்து நாள் அப்படி. என் புடவையெல்லாம் புகை நாற்றம். பள்ளியில் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்துக்கொண்டார். "சாமி பொறக்கிறதுக்கு முன்னாடி நீ சாம்பலாயிருவ போல" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

ஆறாம் நாள் அவள் புருஷன் பொம்மையைக் காதருகே பிடித்துச் சுண்டினார். கணீர் என்றது. "இப்பப் போடலாம்" என்றார்.

சூளையைப் பிரித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தெறங்க, டீச்சரம்மா" என்று அவள் சத்தம் போட்டாள். நாலு பேரும் முழுசாகச் சிவந்து நின்றார்கள். சூசையப்பரின் வெந்நீர்ச் சட்டி விளிம்பில் மட்டும் ஒரு கீறல். அதை வண்ணத்தில் மறைத்துவிடலாம் என்றாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலை இரண்டு கூடைகளில் வைக்கோலோடு பொம்மைகளை வைத்து நானும் அவளும் பஸ் ஏறினோம். மாதா இருந்த கூடையை அவள் யாரிடமும் தரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள். கண்டக்டர், "கூடைய மேல போடும்மா, கூட்டம் நெரியுது" என்றார்.

"புள்ள பெத்தவ இருக்கா உள்ள. மேல எப்படிப் போட?" என்றாள் அவள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, என்ன புரிந்ததோ, "சரி சரி, ஓரமா உக்காரு" என்று போய்விட்டார்.

பள்ளி ஹாலில் ஓலைக் கொட்டகை தயாராக இருந்தது. முதல்நாளே சுங்குடித் துணியைப் பின்னால் கட்டியிருந்தேன். கருநீலத்தில் ஆயிரம் புள்ளிகள். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் வெறுமை. அதைப் பார்த்ததும் மதர் அருகே போய்த் தொட்டுப் பார்த்து, "வானமேதான்" என்றிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் நான் பொம்மைகளை எடுத்து வைத்தேன். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னிய லேஸ் துணியில் பழைய பாலனைச் சுற்றி மாதாவின் மடியில் வைத்தேன். அளவு அச்சாகப் பொருந்தியது.

மதர் வந்தார். பின்னால் ஆசிரியைகள். 

"மாதா கால நீட்டி உக்காந்திருக்காங்க" என்றார் கணக்கு டீச்சர். கிண்டல் இல்லை, நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார்.

மதரின் முகம் இறுகியது. "டீச்சர், மாதாவுக்குப் பிரசவ வேதனை கிடையாதுன்னு ஞானோபதேச வகுப்புல படிக்கலையா? முழந்தாளிட்டு ஆராதிக்கிற மாதாவத்தான் நாம வைக்கிறது. சாதாரணப் பொம்பளை மாதிரி இப்படி… இது மரியாதையா இல்ல. பெற்றோர்கள் வருவாங்க. இதை எடுத்து உள்ள வச்சிருங்க. படத்தையே மாட்டிக்கலாம்."

கூடைப் பக்கம் நின்றிருந்த விளாச்சேரிக்காரிக்கு எல்லாம் கேட்டது. முன்னால் வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, வைக்கோலைக் கூடையில் பரப்ப ஆரம்பித்தாள். அவள் கை மாதாவை நோக்கி நீண்டதும் நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நூல் அறுத்த என் சுண்டுவிரல் தழும்பு அவள் மணிக்கட்டில் உரசியது.

"எடுக்காதீங்க" என்றேன். திரும்பி மதரைப் பார்த்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். "மன்னிக்கணும், மதர். இது ரெண்டாவது தடவ செஞ்ச மாதா. முதல் மாதா என் அவசரத்துல ஒடஞ்சுது. அஞ்சு நாளு அடுப்படியில வச்சுக் காய வச்சிருக்கோம். இதுல மரியாதக்குறைவு எதுவும் எனக்குத் தெரியல. இத வைக்கலேன்னா படத்த வேற யாரயாவது மாட்டச் சொல்லுங்க. என் கையால மாட்ட மாட்டேன்."

 அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு வழியாக மருந்தகத்துச் சகோதரி வந்தார். பள்ளியை ஒட்டி இருந்த சின்ன மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பிரசவம் பார்த்த கை. குட்டையான, பருத்த உடம்பு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து மாதாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இத யாரு செஞ்சது?"

"நாந்தாம்மா" என்றாள் அவள்.

"உனக்கு எத்தனை பிள்ளை?"

"ரெண்டு."

"அதான்." சகோதரி நிமிர்ந்தார். "மதர், பெத்துப் போட்ட அம்மாவோட கழுத்து இப்படித்தான் ஒரு பக்கமா சாயும். இருபது வருஷமாப் பாக்குறேன்."

"வேதனை இல்லாமப் பெத்தவங்க, சிஸ்டர்" என்றார் மதர்.

"இல்லைன்னே வச்சுக்குவோம். அம்புட்டுத் தூரம் பயணம் பண்ணி வந்தாங்களே, அந்தக் களைப்புமா இல்ல? அது வேதாகமத்துலயே இருக்கே."

 மதர் சூசையப்பரைப் பார்த்தார். கையில் சட்டி ஏந்தி, துணியால் விளிம்பைப் பிடித்து, சூடு தாங்காமல் புருவத்தை நெரித்திருந்த சூசையப்பர். மதரின் உதட்டோரம் ஒரு கணம் அசைந்ததை நான் கண்டேன். "ஹாலில் இருக்கட்டும். சிற்றாலயத்துக்குள்ள வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார். எனக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. "கோயிலுக்குள்ள ஏன் வேண்டாமாம்?" என்று கேட்டுக்கொண்டேதான் காப்பி குடித்தாள்.

விழாவுக்குப் பெற்றோர்கள் வந்தார்கள். திருநாள் கழிந்து ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை தெருக்காரர்களும் வந்து பார்த்தார்கள். மதுரையில் குடில் பார்க்க வருகிறவர்களுக்கு மதக்கணக்கு கிடையாது. ஆண்கள் வானத்தைப் பார்த்தார்கள், பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைப் பார்த்தார்கள். பெண்கள் மாதாவுக்கு முன்னால் வந்ததும் நடையைத் தளர்த்தினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, "பாவம், அசந்து போயிருக்கா" என்று தன் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். சுங்குடி அக்கா குடும்பத்தோடு வந்து, முதுகை வளைத்துத் துணியின் கீழ்மூலையைச் சோதித்து, "இந்த ரெண்டு டீச்சர் கட்டினது" என்று தன் நாத்தனாருக்குக் காட்டினார்.

திருநாளுக்கு மறுநாள் விளாச்சேரியிலிருந்து அவள் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். பிள்ளைகளை முன்னால் நிறுத்திவிட்டு, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்தி என்பதே இல்லை அந்த முகத்தில்.

"என்ன?" என்றேன்.

"எல்லாம் ஆம்பளைகளா இருக்காக. இடையரு, ராசாக்க வருவாகன்னு சொன்னீக, அவுகளும் ஆம்பளைக. புள்ள பெத்த வீட்டுக்குப் பொம்பளைகதான மொதல்ல ஓடியாருவாக? அக்கம்பக்கத்துல ஒருத்திகூடவா எட்டிப் பாக்கல?"

"வேதாகமத்துல அப்படி யாரும் வந்ததாச் சொல்லல."

"சொல்லலன்னா வரலன்னு அர்த்தமா?"

 அவள் குனிந்து, மாதாவின் இடது பக்கம் இருந்த காலி இடத்தைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே சாண் போட்டு அளந்துகொண்டாள்.

அடுத்த வருடம் நான் சொல்லாமலே ஒரு பெண் பொம்மையைச் செய்து வைத்திருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக் கிண்ணம், அவசரமாக நடந்துவருகிற வாக்கில் பறக்கும் முந்தானை. மதர் அதை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடம் சாணை பிடிக்கிறவர் ஒருவரும் கோழியும். அதற்கும் அடுத்த வருடம் ராஜாக்கள் வந்தார்கள். மூவரில் ஒருவர் முகத்தில் அவள் புருஷனின் சாடை அப்படியே இருந்தது. அவளிடம் கேட்டால் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். இதற்குள் பக்கத்து மாதா கோயிலிலிருந்தும் இரண்டு மூன்று வீடுகளிலிருந்தும் அவளைத் தேடிப் போக ஆரம்பித்திருந்தார்கள். கொலு முடிந்து கார்த்திகையும் முடிந்தால் மார்கழிக்கு அவள் வீட்டில் குடில் வேலை நடக்கும் என்றாகிவிட்டது. எல்லோரிடமும் அவள் முதலில் கதையைத்தான் கேட்பாளாம். தெரிந்த கதையையே திரும்பத் திரும்ப ஏன் கேட்கிறாய் என்றேன். "ஆளாளுக்கு ஒண்ண விட்டுட்டுச் சொல்றாக. அதத்தான் புடிக்கணும்" என்றாள்.

நான் அந்தப் பள்ளியில் வேலை பார்த்த கடைசி டிசம்பர், எண்பதுகளின் நடுவில், மதர் மாடிப்படியில் என்னைப் பார்த்து நின்றார். அவருக்கு முழங்கால் வலி வந்து, கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தார். இருமிக்கொண்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல் கேட்டார்:

"ஏன் டீச்சர், இந்த வருஷம் குடிலுக்கு யாரு வர்றாங்களாம்?"